வெட்டி ஒட்டின வண்டி

தாராபுரத்துக்கும் காங்கயத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில், முன்பு மாட்டுச்சந்தை கூடிய மேட்டில், இப்போது பதினேழு பழைய பைக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. அந்தப் பதினேழில் பதினாறு கடைக்காரர்கள் வாய்கூசாமல் பொய் சொல்லிப் பிழைத்துக்கொண்டிருந்த ஓர் ஆடி மாதத்தில், வியாபாரமே இல்லாமல் எல்லோரும் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பதினேழாவது கடைக்காரி பழனாத்தாளுக்கு, அவள் கடையில் நிற்கிற வண்டிகளின் கோளாறெல்லாம் அவளுடைய உடம்பில் வர ஆரம்பித்தது. பதினாறு பேரில் நானும் ஒருவன். பெயர் நாச்சிமுத்து, அவளுக்கு நேர் எதிர்க்கடை. அவளை ஒரு மாதம் கட்டிலில் படுக்கவைத்த புண்ணியவானும் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தாமதமாகச் சொல்வதில் என்ன கேடு வரும் என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

முதல் நாள் வலது முழங்காலில் வந்தது. நடக்கும்போது அடிக்கு ஒரு தரம் டக் டக் என்று சத்தம் கேட்டது, எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. மத்தியானம் ஒருவர் வந்து சிவப்பு வண்டி ஒன்றைப் பார்த்தபோது, "செயின் தொங்குதுங்க, ஸ்பிராக்கெட் பல்லும் தேஞ்சு போச்சு, மாத்தித்தான் ஓட்டோணும்" என்று பழனாத்தாள் அவரிடம் சொன்னாள், அவர் "சரீங்க" என்று தலையாட்டி முடிக்கவில்லை, முழங்கால் சத்தம் நின்றுவிட்டது. மறுநாள் அவளுக்கு இருமல். கார்புரேட்டர் அடைத்த வண்டி ஒன்று வந்திருந்தது. அதற்கு அடுத்த வாரம் ஆயில் குடிக்கிற வண்டி ஒன்று வந்தபோது, அவள் சாயங்காலத்துக்குள் மூன்று குடம் தண்ணீர் குடித்தாள். பேட்டரி போன வண்டி வந்தால் பதினோரு மணிவரை எழுந்திருக்க முடியாது, ஹாரன் அடிக்காத வண்டி வந்தால் தொண்டை கட்டிக்கொள்ளும், சிலேட்டில் எழுதித்தான் வியாபாரம் செய்வாள். இண்டிகேட்டர் கெட்ட வண்டி ஒன்று நின்ற மூன்று நாளும் இடது கண் விடாமல் அடித்துக்கொண்டே இருந்ததில், பெண் பார்க்கப் போகிற வழியில் வண்டி பார்க்க வந்த ஒரு கல்யாணத் தரகர் தப்பாக நினைத்துக்கொண்டு வெற்றிலையைக்கூடத் துப்பாமல் ஓடிப்போனார்.

இது ஏன் வந்தது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, வந்ததை வைத்து என்ன செய்வது என்றுதான் எல்லோரும் யோசித்தார்கள். அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, சீட்டில் 'ஏர் ஃபில்டர் மாற்றவும்' என்று எழுதி, மருந்துக் கடைக்குப் போகாதே, மெக்கானிக் ஜபருல்லாவிடம் கொடு என்று அனுப்பினாள். கோயில் பூசாரி திருநீறு போட்டுவிட்டு, கையோடு தன் மொபெட்டை ஒரு நாள் அவள் கடையில் நிறுத்தி வைக்கலாமா என்று கேட்டார். வண்டி வாங்க வருகிறவர்கள் கிக்கரை மிதித்துப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். "அக்கா, அந்தக் கரண்டுக் கம்பம் வரைக்கும் ஒரு நடை நடந்து காட்டுங்க" என்பார்கள், அவளும் நடப்பாள், டீக்கடை பெஞ்சில் இருக்கிறவர்கள் அவள் நடையைப் பார்த்து, முன்சக்கரம் கோட்டம், பின் பிரேக் ஒட்டுது, கிளட்ச் பிளேட் முடிஞ்சுது என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். அவள் புருஷன் வடநாட்டு லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலே நாள்தான் வீட்டில் இருப்பார், அந்த நாலு நாளும் கடையில் ஒரு வண்டிகூட இருக்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டார், அதிலும் நியாயம் இருப்பதாக ஊர் ஒப்புக்கொண்டது.

ஒன்று மட்டும் சீக்கிரமே தெளிவாகிவிட்டது. வாங்குகிறவனிடம் குறையைச் சொன்னால் வலி போகும், சொல்லாமல் விற்றால் வண்டி போகும், வலி போகாது. ஒருமுறை அவள் ஸ்டாண்டு ஸ்பிரிங் தளர்ந்திருப்பதை மறந்துபோய் விற்றுவிட்டாள், மூன்று வாரம் சுண்டுவிரல் குடைந்தது, கடைசியில் இரண்டு பஸ் மாறி மூலனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய் வாங்கினவரிடம் சொல்லிவிட்டு வந்தாள். "அது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க" என்று அவர் சிரித்து மோர் கொடுத்தாராம், மோர் தொண்டைக்குள் இறங்கும்போதே விரல் சரியாகிவிட்டதாம். அவள் இதைச் சொல்லும்போது தன்னைப் பற்றி ஒரு பெருமையும் இருக்காது, பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காததைப் பற்றித்தான் அதிகம் சொல்வாள்.

எங்களுக்கு வயிறு எரிந்தது. நாங்கள் பதினாறு பேரும் விற்ற வண்டிகள் எல்லாமே வாத்தியார் ஓட்டின வண்டிகள்தான், வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடியவை, ஒரே ஓனர், மழையில் நனையாதவை. நாங்கள் சொன்ன அத்தனை வாத்தியார்களும் நிஜமாகவே இருந்திருந்தால் இந்தத் தாலுகாவில் ஒரு பிள்ளைகூடப் படிக்காமல் போயிருக்க முடியாது. அவளோ நொண்டிக்கொண்டும் இருமிக்கொண்டும் ஒவ்வொரு குறையாகச் சொல்லிச் சொல்லி எங்களைவிட இரண்டு மடங்கு வண்டி விற்றாள். அவளைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையும் வந்தது, மரியாதையும் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்டால் பொறாமைதான்.

இந்த இடத்தில் எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் அப்பன்மார் எல்லாம் மாட்டுத் தரகர்கள், கைக்கு மேல் துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடித்து விலை பேசியவர்கள். சந்தை போய் வண்டி வந்தபிறகும் நாங்கள் அந்தத் துண்டை விடவில்லை. கடைக்காரனுக்குக் கடைக்காரன் வண்டி விற்றால் துண்டுக்கடியில்தான் பேரம், வாயே திறக்கக்கூடாது. வாங்குகிறவன் குறை கேட்கக்கூடாது, விற்கிறவன் சொல்லக்கூடாது, முழுக் கையையும் சேர்த்து அழுத்திவிட்டால் பேரம் முடிந்தது, அதற்குமேல் யாரும் யாரிடமும் கேட்க ஒன்றுமில்லை என்று அர்த்தம். துண்டை எடுத்தபிறகு அந்த வண்டியைப் பற்றி வாய் திறந்தவன் கடையை எடுத்துக்கொண்டு வரிசையை விட்டுப் போய்விட வேண்டும். வாயால் பேசாதது பொய்யில் சேராது என்று எங்களுக்கு ஒரு நினைப்பு, அந்த நினைப்பில் மூன்று தலைமுறை சௌகரியமாகச் சாப்பிட்டிருக்கிறது.

வெளியூர் ஏலம் ஒன்றில் நான் ஒரு நீல வண்டி எடுத்து வந்தேன். பார்க்கப் பார்க்க ஆசை வரும் வண்டி. ஒரு நாள் டேங்கைக் கழற்றித் துடைக்கும்போது, அடியில் ஓடுகிற இரும்புக் குழாயில் பெயிண்டுக்கு மேல் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது, நகத்தால் சுரண்டினேன், விரிசலை மறைக்கப் பூசின பட்டி உதிர்ந்தது, பட்டிக்கு அடியில் வெல்டிங். எங்கேயோ விபத்தில் பின்பாதி நொறுங்கிய ஒரு வண்டியையும் முன்பாதி நொறுங்கிய ஒரு வண்டியையும் சரிபாதியாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஒட்டினவன் கைகாரன், எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும்கூடப் பொருந்தின. பாரம் ஏற்றி ஒரு நல்ல பள்ளத்தில் இறக்கினால் இரண்டாகப் போய்விடும். நான் மறுபடி பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, டேங்கை மாட்டி, முன்வரிசையில் நிறுத்தினேன்.

பழனாத்தாள் தெருவைத் தாண்டி வந்தாள். பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற கனகரத்தினம் என்பவருக்கு அந்த மாதிரி நீல வண்டிதான் வேண்டுமாம், ஆயுத பூஜைக்குள் வேண்டுமாம். "குடுக்கறீங்களாண்ணா?" என்று கேட்டாள். நான் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் போட்டேன். வண்டியைத் தள்ளிவிடலாம் என்ற பேராசை பாதி, உன் உடம்பு இதையும் கண்டுபிடித்துவிடுமா பார்க்கலாம் என்ற குறும்பு பாதி. குறும்பு என்று நான் அன்றைக்குத்தான் நினைத்தேன்.

பேரம் முடிந்து நீல வண்டி அன்றைக்கே அவள் கடைக்குப் போனது. மறுநாள் காலையில் அவள் கடையைத் திறக்க வந்தவள் பூட்டில் சாவியைப் போட்டபடியே கீழே சாய்ந்தாள். கழுத்துக்கு ஒரு சாண் கீழே, முதுகுத்தண்டில், குறுக்கே ஒரு கோடு மாதிரி வலி. பாதம் மரத்துப்போயிருந்தது. வண்டிக்குப் பக்கத்திலேயே கட்டில் போடச் சொன்னாள், வீட்டுக்குப் போக மறுத்துவிட்டாள். ஜபருல்லா அந்த வண்டியின் எஞ்சினை மூன்று தரம் பிரித்து மூன்று தரம் பூட்டினார், எஞ்சின் தங்கமாக இருந்தது. வாரத்துக்கு வாரம் மரப்பு மேலே ஏறியது, பாதத்திலிருந்து முழங்காலுக்கு, முழங்காலிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து இடுப்புக்கு. புருஷன் வடக்கே லோடோடு மாட்டிக்கொண்டிருந்ததால், டாக்டரம்மா எங்களைத் தனியே கூப்பிட்டு, நெஞ்சுக்கு ஏறிவிட்டால் தன் கையில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாள்.

கனகரத்தினம் ஒருநாள்விட்டு ஒருநாள் வந்தார். "எதா இருந்தாலும் பரவால்லீங்கக்கா, நான் பாத்துக்கறேன், வண்டியக் குடுத்துருங்க, உங்களுக்கும் நல்லாயிரும்" என்றார்.

"எனக்கு வலி எங்கீன்னு தெரியுது கண்ணு, எதனாலன்னு தெரியலையே" என்றாள் பழனாத்தாள். "எனக்கே தெரியாதத உன்ற கையில எப்படிக் குடுக்கறது? நீ உன்ற சம்சாரத்தையும் கொழந்தையையும் வெச்சுட்டுப் போவ."

நான் தினமும் ஓர் இளநீர் வாங்கிக்கொண்டு போவேன். "எல்லாரும் வந்து எட்டிப் பாக்கறாங்க, நீங்க ஒருத்தர்தாண்ணா நெதமும் உக்காந்து பேசிட்டுப் போறீங்க" என்பாள். அந்த இளநீரை அவள் நன்றியோடு குடிக்கும்போது எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். சொன்னால் முப்பது வருஷக் கடையை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்ற பயம் கூடவே வரும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன், அப்படியே இருபத்தெட்டு நாள்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் தெருவே கூடி ஒரு யோசனை செய்தது. யோசனை ஜபருல்லாவுடையது. எந்தக் குறை என்று தெரியவில்லை என்றால் ஒரு வண்டிக்கு வரக்கூடிய எல்லாக் குறைகளையும் ஒன்றுவிடாமல் எழுதி, வாங்குகிறவர் காது கேட்கப் படித்துவிட்டால் நிஜமான குறையும் அதற்குள் எங்காவது அகப்பட்டுவிடாதா என்றார். ஊருக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. கனகரத்தினமும் சம்மதித்துக் குளித்து முழுகி, மனைவியோடும் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையோடும் வந்தார். நீல வண்டிக்குச் சந்தனம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கட்டிலில் கிடந்த பழனாத்தாளுக்கு அன்று மரப்பு விலாவுக்கு வந்திருந்தது, "வேண்டாமுங்க, வேண்டாமுங்க" என்று அவள் சொன்னது பக்கத்தில் நின்றவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

ஜபருல்லா படித்தார். பிஸ்டன், ரிங், வால்வு, கிராங்க், கியர், கிளட்ச், பேரிங், புஷ், ஷாக், வயரிங் என்று அறுபத்திநாலு குறை வந்தது, ஒவ்வொன்றுக்கும் கனகரத்தினம் "சரீங்க" என்றார், ஒவ்வொரு சரீங்கவுக்கும் தெரு பழனாத்தாளின் கால் கட்டைவிரலைப் பார்த்தது, விரல் அசையவில்லை. "இன்னும் யாருக்காச்சும் எதாச்சும் தெரிஞ்சாச் சொல்லுங்கப்பா" என்றார் ஜபருல்லா. பிறகு மூன்றாவது கடைக்காரர் பொன்னய்யன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மீட்டரத் திருப்பி வெச்சிருக்கலாம்" என்றார். "கியர் பாக்ஸுல மரத்தூள் போட்டிருக்கலாம், ரண்டு மாசத்துக்குச் சத்தம் வராது" என்றார் இன்னொருவர். புகை தெரியாமலிருக்கக் கெட்டி ஆயில் ஊற்றுவது, வெடித்த டயருக்கு உள்ளே துணி வைப்பது, வெள்ளத்தில் மூழ்கின வண்டியை வெயிலில் காயவைத்துச் சென்ட் அடிப்பது என்று பதினைந்து கடைக்காரர்களும் ஆளுக்கு மூன்று நான்காக அவிழ்த்துவிட்டார்கள், உனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பட்டியல் நூற்றுப் பன்னிரண்டுக்கு வந்தது. நான் மட்டும் எதுவும் சொல்லாமல் ஓரமாக நின்றேன்.

விரல் அசையவில்லை. "அவ்வளவுதான், இனி ஒண்ணும் பாக்கியில்ல, வண்டிய எடுங்க, வண்டி நகந்தாத்தான் வலியும் நகருமோ என்னமோ" என்றார் ஜபருல்லா. கனகரத்தினம் சாமி கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினார், மனைவி பின்னால் உட்கார்ந்தார், குழந்தையைத் தூக்கி முன்னால் டேங்கின் மேல் வைத்தார்கள். புது ஜரிகைப் பாவாடை. வெல்டிங் இருந்த இடத்துக்கு நேர் மேலே உட்கார்ந்துகொண்டு அது இரண்டு கையாலும் டேங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தது.

"கொழந்தைய எறக்குங்க" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு, துண்டுக்கு வெளியே, வாயைத் திறந்து சொன்னேன். "அது ஒரு வண்டி இல்லீங்க, ரண்டு வண்டி. வெட்டி ஒட்டினது. டேங்குக்கு அடியில வெல்டிங் இருக்குது. பள்ளத்துல எறங்கினா ரண்டாப் போயிரும். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அம்மிணிக்கு வித்தேன். இருவத்தெட்டு நாளா எளநி குடுத்துட்டுச் சொல்லாம இருந்தேன்."

கனகரத்தினம் குழந்தையை அள்ளிக்கொண்டு இறங்கி, என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெதுவாக, "சரீங்க" என்றார்.

கட்டிலில் கட்டைவிரல் அசைந்தது. பிறகு பாதம், பிறகு முழங்கால். பழனாத்தாள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள், தலைமுடியை அள்ளி முடிந்தாள், காலைத் தரையில் வைத்தாள். யாரும் கேட்காமலேயே கரண்டுக் கம்பம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள், அத்தனை பேரும் அவள் நடையைப் பார்த்துக்கொண்டு நின்றோம், ஒரு குறையும் இல்லாத நடை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

அவள் நேராக என்னிடம் வந்தாள். அறைவாள் என்றுதான் தெரு நினைத்தது, நானும் கன்னத்தைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். அவள் என் கையிலிருந்த துண்டை உருவி, உதறி, என் கைமேல் போட்டு, அடியில் தன் கையைக் கொண்டுவந்தாள். ஒரு விரலையும் மடக்கவில்லை. முழுக் கையையும் சேர்த்து ஒருதரம் அழுத்திவிட்டுத் துண்டை என் தோளில் போட்டாள். அடியில் என்ன நடந்தது என்று தெரியாததால், வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வதற்கு என்னிடம் நல்ல விலை கறந்துவிட்டாள் என்று பொன்னய்யன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜபருல்லா அந்த வண்டியை அங்கேயே ரம்பத்தால் மறுபடி இரண்டாக அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டார். என்னை வரிசையைவிட்டு யாரும் போகச் சொல்லவில்லை, எப்படிச் சொல்வார்கள், நூற்றுப் பன்னிரண்டில் நாற்பத்தெட்டு அவர்கள் வாயிலிருந்து வந்ததாயிற்றே.

அன்றோடு பழனாத்தாளுக்கு வலி வருவதும் நின்றுபோயிற்று. இருமுகிற வண்டி, இழுக்கிற வண்டி, ஆயில் குடிக்கிற வண்டி என்று எதைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் அவள் பாட்டுக்கு நிமிர்ந்து நடந்தாள். தெருவுக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. கடைக்காரர்கள் எல்லாம் திரண்டு போய், இனிமேல் எந்த வண்டியில் என்ன குறை என்று ஜனங்கள் எப்படித் தெரிந்துகொள்வார்கள் என்று கவலையோடு கேட்டோம்.

"ஏனுங்ண்ணா, உங்களுக்கெல்லாம் வாயிருக்குதில்லீங்க?" என்றாள்.

அவளுக்கு இப்போது மற்றவர்களைப்போலக் குனிந்து பார்த்தும் ஓட்டிப் பார்த்தும்தான் குறை தெரிய வேண்டும், ஆனால் சொல்வதை அவள் நிறுத்தவில்லை, வலித்தபோது எப்படிச் சொன்னாளோ அப்படியே சொல்கிறாள். எனக்கு அந்த வலி வரவேண்டும் என்று நான் கொஞ்ச நாள் காத்திருந்தேன். தினமும் காலையில் எழுந்ததும் முழங்காலை மடக்கிப் பார்ப்பேன், இருமிப் பார்ப்பேன். ஒன்றும் வரவில்லை. வலி வந்தால் சொல்வது எவ்வளவு லேசு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வலிக்காதபோதும் வாயைத் திறப்பதற்கு ஒவ்வொரு தரமும் புதிதாக மனசு வைக்க வேண்டியிருக்கிறது.

போன வாரம் பழனிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து கறுப்பு வண்டி ஒன்றைத் தடவிப் பார்த்தார். "வாத்தியார் ஓட்டினதுங்களா?" என்று அவராகவே எடுத்துக் கொடுத்தார். "இல்லீங்க, வட்டிக்காரன் ஓட்டினது, குண்டு குழி பாக்காம ஓட்டியிருக்கான். முன் ஷாக் ரண்டும் போச்சு. ஒருதரம் விழுந்திருக்குது, வலது பக்கம் பெயிண்ட் நான் அடிச்சது. மீட்டர நம்பாதீங்க, நான் வாங்கறப்பவே அது ஓடல" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு சொல்கிறவன் சொல்லாமல் எவ்வளவு வைத்திருப்பானோ என்ற சந்தேகம் அவர் முகத்தில் தெரிந்தது, நான் அவர் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். அவர் தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போய், என் கடையைக் கைகாட்டி, பழனாத்தாளிடம் எதையோ தாழ்ந்த குரலில் கேட்டார்.

அவள் டேங்க் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தவள் தலையைக்கூடத் தூக்காமல், எனக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்.

"அண்ணன் என்ன சொன்னாரோ அதுதானுங்க. அதுக்கு மேல ஒண்ணும் இருக்காது."

அப்போதுதான் எனக்கு வந்தது. நெஞ்சுக்கு நடுவில், அடைக்கிற மாதிரி, நான் இத்தனை நாள் காத்திருந்த அந்த வலி. கறுப்பு வண்டியை ஒருதரம் சுற்றி வந்து பார்த்தேன். அதில் சொல்லாத குறை எதுவும் இல்லை.